சுகர் நோட்டும் சொத்தைப் பல்லும்: சென்னையில் அரசு மருத்துவத்தையும் பல் மருத்துவத்தையும் சேர்த்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

அம்மாவுக்கு வயது 63. சுகர் பதினோரு வருடமாக, பிரஷர் ஒன்பது வருடமாக. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எங்களோடு சென்னைக்கு வந்த இரண்டாவது மாதமே கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. பக்கத்துப் பல்லில் சொத்தை. இரண்டையும் எடுக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். அதற்கு ஏழு வாரம் ஆனது. நான்கு நடை போனோம், மூன்று முறை வெறுங்கையோடு திரும்பினோம். இப்போது யோசித்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். யாரும் எங்களை வேண்டுமென்று அலைக்கழிக்கவில்லை. எதை முதலில் செய்வது, எதை எடுத்துப் போவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். சுகர் பார்க்கும் டாக்டர் ஒரு இடத்தில் இருக்கிறார், பல் பார்க்கும் டாக்டர் இன்னொரு இடத்தில் இருக்கிறார். இவர் எழுதியது அவருக்குத் தெரியாது. வாயும் உடம்பும் ஒன்றாக இருந்தாலும் ஓபி சீட்டு இரண்டு. இரண்டுக்கும் நடுவே தபால்காரர் வேலை பார்ப்பது நீங்கள்தான். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

1. உங்கள் பகுதிக்கான நிலையம் எது என்று முதலில் பாருங்கள்

சென்னை மாநகராட்சியில் இரண்டு விதமான இடங்கள் உண்டு. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் கொஞ்சம் பெரியது. ரத்தப் பரிசோதனை, மருந்தகம், சுகர், பிரஷர் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவு எல்லாம் இருக்கும். நகர்ப்புற நலவாழ்வு மையம் சின்னது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், இன்னும் ஓரிருவர் இருப்பார்கள். காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மாலை நேரம் பெரிய வசதி.

எல்லா நிலையத்திலும் பல் டாக்டர் இருக்க மாட்டார். சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலையில் சிறப்பு மருத்துவர்கள் முறை வைத்து வருவார்கள். ஒரு நாள் கண், ஒரு நாள் தோல், ஒரு நாள் பல் என்று ஓடும். எந்த நாள் என்பது வாசல் பலகையில் எழுதியிருக்கும், ஆனால் பலகையை நம்பி நேராகப் போய்விடாதீர்கள். முந்தின நாளே உள்ளே போய் நர்ஸிடம், "பல் டாக்டர் இந்த வாரம் வர்றாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உங்கள் வார்டுக்கு எந்த நிலையம் என்று தெரியாவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணிலோ, சுகாதார உதவி எண் 104-லோ கேட்கலாம். பக்கத்து வீட்டில் கர்ப்பிணிப் பெண் யாராவது இருந்தால் அதைவிடச் சுலபம். அவர்களுக்கு வழி, நேரம், எந்த நர்ஸ் பொறுமையாகப் பேசுவார் என்பது வரை தெரிந்திருக்கும்.

வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு வழக்கமாக ஒரு பயம் இருக்கும்: ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறதே, பார்ப்பார்களா? அம்மாவின் ஆதாரில் இன்னும் திருநெல்வேலி முகவரிதான். யாரும் திருப்பி அனுப்பவில்லை. இப்போது எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று மட்டும் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

2. ஒரு கவர் தயார் செய்யுங்கள்

ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவராக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் ஒரே கவரில் இருக்க வேண்டும். எங்கள் கவரில் இருப்பவை:

- ஆதார் அட்டை, இரண்டு ஜெராக்ஸ்.
- ஓடிபி வரக்கூடிய போன். அம்மாவின் எண் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போன் கூடவே வர வேண்டும். ஒரு முறை அது தம்பி பையில் ஆபீஸுக்குப் போய்விட்டது.
- சுகர் நோட்டு. தொற்றா நோய்ப் பிரிவில் மாதா மாதம் அளவு எழுதித் தரும் புத்தகம் இது.
- கடைசி ஆறு மாத ரத்தப் பரிசோதனைத் தாள்கள். அதற்கு முந்தையவை வீட்டிலேயே இருக்கட்டும், கட்டைப் பார்த்தால் யாரும் படிப்பதில்லை.
- இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ எப்போதாவது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. எத்தனை வருடம் பழையதானாலும் இது வேண்டும்.
- மாத்திரைகள். பெயரை எழுதிக்கொண்டு போவது போதாது, அட்டையோடு எடுத்துப் போங்கள்.

கடைசி வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருந்தகத்தில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் தருவார்கள். பெயர் அச்சடித்த பக்கம் முந்தின ஆளோடு போயிருக்கும், நமக்கு வருவது வெறும் வெள்ளித்தாள். அம்மா அவற்றை வண்ணத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார்: "வெள்ளைப் பெரிசு, மஞ்சள், அப்புறம் அந்தச் சின்னது." அந்தச் சின்னது எங்களை என்ன பாடு படுத்தியது என்பதைப் பிறகு சொல்கிறேன். மருந்து வாங்கும்போதே ஜன்னலில் நின்று, "மேடம், கவர் மேல பேர் எழுதித் தாங்க" என்று கேளுங்கள். அரை நிமிட வேலைதான். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஆபா எண் என்று, மருத்துவப் பதிவுகளைக் கணினியில் சேர்த்து வைப்பதற்கான பதினான்கு இலக்க எண் ஒன்று கேட்பார்கள். ஆதாரை வைத்து நிலையத்திலேயே எடுத்துத் தருவார்கள். அதை எடுத்ததும் எல்லா டாக்டரும் எல்லாவற்றையும் கணினியில் பார்ப்பார்கள் என்று நானும் நம்பினேன். எங்கள் நான்கு நடையில் பேசியது காகிதம் மட்டும்தான்.

3. பல்லைக் காட்டும் முன் சுகரையும் பிரஷரையும் பாருங்கள்

நாங்கள் செய்த முதல் தப்பு இங்கேதான். பல் வலித்ததும் நேராகப் பல்லுக்கு ஓடினோம். தெருமுனையில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் ஐந்து நாள் மாத்திரை எழுதித் தந்தார்கள். சுகர் இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் வலி போய்விட்டது. "சரியாப் போச்சு, இனி எதுக்கு?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டாம் நாள் கன்னம் வீங்கியது. மாத்திரை சீழைக் கொஞ்ச நாள் அடக்கும், சொத்தையை எடுக்காது. வலி நின்றால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

அதனால் வலி பொறுக்கும்படி இருந்தால் முதலில் உங்கள் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்று ரத்தம், சாப்பிட்டு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, பிரஷர், இந்த மூன்றும் இலவசம். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு போனால் பதினொன்றுக்குள் இரண்டு ரத்தமும் கொடுத்துவிடலாம். டப்பாவில் இட்லி கட்டிக்கொண்டு போங்கள். வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்பினால் வரிசை மாறிவிடும்.

மூன்று மாத சராசரி சுகர் என்கிற எச்பிஏ1சி பரிசோதனையும் கேளுங்கள். முந்தின நாள் வாயைக் கட்டிக்கொண்டு வந்து காலை அளவை அழகாகக் காட்டிவிடலாம், இந்த எண்ணிடம் அது பலிக்காது. பல் டாக்டர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் தேடுகிறார்கள். உங்கள் நிலையத்தில் இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். தனியார் லேபில் எங்கள் பக்கம் 450 ரூபாய் ஆனது.

சுகர் ஏறியிருந்தால் புண் மெதுவாக ஆறும், ஈறு சீக்கிரம் கெடும். ஈறில் சீழ் வைத்திருந்தால் சுகர் இறங்க மறுக்கும். இரண்டும் ஒன்றையொன்று கிளறிவிடும். அம்மாவுக்கு மாத்திரையைக் கூட்டியும் ஏன் இறங்கவில்லை என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். வாயைத் திறக்கச் சொல்லி யாரும் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

முடிவில் டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். "ஃபிட்னஸ்" என்று சொன்னாலே புரிந்துகொள்வார்கள். பல் எடுக்கலாம் என்று மட்டும் ஒரு வரி எழுதியிருந்தால் பல் பிரிவில் சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடும். என்னென்ன நோய், எத்தனை வருடமாக, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், அன்றைய சுகர், பிரஷர், ஒவ்வாமை உண்டா, மரத்துப்போகும் ஊசி போட்டுப் பல் எடுக்கலாமா, எந்த மாத்திரையையாவது மாற்ற வேண்டுமா, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கீழே தேதியும் முத்திரையும். தேதி பழசானால் மறுபடி கேட்பார்கள், ஆகவே பல்லுக்குப் போகும் வாரத்தில் வாங்குங்கள்.

4. பல்லை எங்கே காட்டுவது

உங்கள் நிலையத்திலேயே பல் டாக்டர் வருகிறார் என்றால் அங்கேயே தொடங்குங்கள். வாயைப் பார்ப்பார், எளிய வேலை என்றால் செய்தும் விடுவார், பெரிதென்றால் மேலே எழுதித் தருவார். அந்தப் பரிந்துரைச் சீட்டோடு போனால் அங்கே முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த படி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளின் பல் பிரிவு. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை மூன்றிலும் உண்டு. சுகரோடு இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இதய டாக்டரின் கருத்து வேண்டும் என்றால் அதே வளாகத்தில் அடுத்த கட்டடத்துக்குப் போய் வாங்கிவிடலாம்.

பல்லுக்கென்றே இருப்பது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. தாம்பரம் பக்கமிருந்து வருகிறவர்கள் கடற்கரை ரயிலில் கோட்டையில் இறங்கினால் போதும். ஈறு, வேர் சிகிச்சை, பல் எடுப்பது, பல் செட், குழந்தைகள் பல் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு. ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் பக்கத்திலேயே இருப்பதால் உடம்பு சம்பந்தமாக ஏதாவது கேட்டால் அங்கே எழுதி அனுப்புவது சுலபம். ஆனால் போய்வர நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு முன்னால் சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள். முதல் நாளே பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அன்று வாயைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, எந்தப் பிரிவு என்று முடிவு செய்தாலே அது நல்ல நாள்.

மதுரவாயல், போரூர், ராமாபுரம், வேலப்பன்சாவடிப் பக்கம் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. மாணவர்கள் வேலை செய்வார்கள், ஆசிரியர் கூடவே நின்று பார்ப்பார். தனியார் கிளினிக்கை விடச் செலவு குறைவு, நேரம் அதிகம். அவசரம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி.

5. பல் டாக்டரிடம் கேட்காமலே சொல்ல வேண்டியவை

இரண்டாவது நடையில் பல் டாக்டர் அம்மாவிடம் கேட்டார், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்லைய்யா. சுகருக்கும் பிரஷருக்கும் மட்டுந்தான்."

நான் தற்செயலாகக் கவரைத் துழாவினேன். வெள்ளித்தாளில் ஒரு சின்ன மாத்திரை. அதைக் கையில் வாங்கிப் பார்த்த டாக்டர், ஒரு ஓரத்தில் மிச்சமிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆஸ்பிரின். நான்கு வருடத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஊரில் காட்டியபோது எழுதித் தந்தது. வெளியே வந்ததும் அம்மா சொன்னார், "ஏட்டி, அது இதயத்துக்குல்லா. பல்லுக்கு வந்த இடத்துல அதை எதுக்குச் சொல்லணும்?"

அன்று பல் எடுக்கவில்லை. கருத்து கேட்டு எழுதி அனுப்பினார்கள், ஒரு வாரம் போனது. கடைசியில் ஆஸ்பிரினை நிறுத்த வேண்டாம், அப்படியே எடுக்கலாம், பஞ்சைக் கூடுதல் நேரம் கடித்திருந்தால் போதும் என்று எழுதி வந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் முதல் கடிதத்திலேயே இது வந்திருக்கும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. "பல் எடுக்கப் போறீங்களா, அந்த மாத்திரையை மூணு நாள் நிறுத்திடுங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஈறில் வரும் ரத்தத்தைப் பஞ்சால் நிறுத்தலாம், இதயத்தில் அடைப்பு வந்தால் அது வேறு கதை. எழுதிக் கொடுத்த டாக்டர் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஐஎன்ஆர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது பல் எடுப்பதற்கு ஓரிரு நாள் முன் எடுத்ததாக இருக்க வேண்டும், போன மாதத் தாள் செல்லாது.

இவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்:

- இதய வால்வு மாற்றியிருந்தால். பல் எடுப்பதற்கு முன்பே ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும்.
- எலும்பு தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போட்டுக்கொள்பவர் என்றால். சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் நின்றுவிடும்.
- சிறுநீரகக் கோளாறு இருந்தால். வலி மாத்திரையில் பலவும் ஆகாது, டைக்ளோஃபினாக் கட்டாயம் ஆகாது.
- பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு ஈறு தடித்து வளர்ந்திருந்தால். சிலருக்கு அந்த மாத்திரையால் அப்படி ஆகும். பல் டாக்டர் எழுதித் தந்தால் பிரஷர் டாக்டர் வேறு மாத்திரை யோசிப்பார்.
- கர்ப்பம் என்றால், எத்தனையாவது மாதம் என்பதோடு. நான்கு முதல் ஆறு மாதம் வரை நாற்காலியில் சாய்ந்து படுக்க வசதியான காலம். வலியோடு பிரசவம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், ஹான்ஸ் வைக்கிறவர்கள் அதையும் மறைக்க வேண்டாம். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தொற்றா நோய்ப் பிரிவில் செய்யப்பட வேண்டிய ஒன்று. டார்ச் அடித்துப் பார்க்கும் ஒரு நிமிட வேலை. சுகர் பார்க்கப் போகும்போதே, "வாயையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, இவற்றில் எது இருந்தாலும் பல் எடுக்கும் வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

6. பல் எடுக்கும் நாள்

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் எங்கள் முதல் நடை. ஊசி போடுவார்கள், வெறும் வயிற்றில்தான் போக வேண்டும் என்று அம்மாவாக முடிவு செய்து காலைச் சாப்பாட்டையும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிட்டார். பத்தரை மணிக்கு பிரஷர் 190-க்கு 112. தலையும் சுற்றியது. 180-க்கு 110-ஐத் தாண்டினால் அவசரமில்லாத வேலையைத் தள்ளி வைப்பதுதான் வழக்கம், தள்ளி வைத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு, பல் எடுக்க நிறைந்த வயிறு. சுகர் மாத்திரையையும் வழக்கம்போல் சாப்பாட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் பெரிய அறுவை என்றால் மட்டும் சட்டம் வேறு, அதை அவர்களே சொல்வார்கள்.

காலை நேரமே கேளுங்கள். மதியத்துக்கு மேல் சுகர்க்காரர்களுக்குச் சுகர் ரொம்ப இறங்கிவிடலாம். வரிசை நீண்டால் கொறிக்க இரண்டு பிஸ்கட்டும், சட்டென்று வாயில் போட ஒரு மிட்டாயும் பையில் இருக்கட்டும்.

எடுத்த பிறகு பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, உறிஞ்சுகுழல் கூடாது. துப்பத் துப்ப உறைந்த ரத்தம் பெயர்ந்து மறுபடி கசியும். அம்மாவுக்கு இதுதான் பெரிய கஷ்டம், ரயிலில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டு எச்சிலை விழுங்க முடியாமல் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை. வலி மாத்திரை எழுதித் தந்ததைத் தவிர வேறு எதையும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

அரை மணி நேரம் புதுப் பஞ்சை அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால் உடனே திரும்பிப் போங்கள். வீக்கம் கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ ஏறுவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வாய் திறக்க முடியாமல் காய்ச்சல், இதெல்லாம் ஓபிக்குக் காத்திருக்கும் சமாசாரம் கிடையாது. நடுராத்திரி என்றாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் இருப்பவர்களுக்கு இது ஒரே இரவில் முற்றிவிடும்.

7. செலவு

அரசுப் பக்கம் மருத்துவத்துக்கு எங்களுக்கு ஆனது சொற்பம். சீட்டு, பரிசோதனை, மாத்திரை, பல் எடுத்தது எதற்கும் பணம் தரவில்லை. லேப் 450, ஜெராக்ஸ் 40, மூன்று முறை ஆட்டோ 600-க்கு மேல். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அதைப் பிறகுதான் ஒழுங்காகப் பயன்படுத்தினோம். பெரிய செலவு நான் எடுத்த நான்கு நாள் லீவு. தனியாரில் விசாரித்தபோது ஒரு பல் எடுக்க ஒரு இடத்தில் 700, இன்னொரு இடத்தில் 1,200 சொன்னார்கள். நேரத்தையும் சம்பளத்தையும் கணக்குப் பார்த்தால் சிலருக்குத் தனியாரே லாபமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. மூன்றாம் படியில் சொன்ன கடிதம் அங்கேயும் வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதை வைத்துப் பல் அடைக்கலாம், பல் செட் போடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். தாடை எலும்பு முறிவு போன்ற பெரிய அறுவைகளுக்கு அது உதவும், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். அட்டை இல்லையென்றால் எடுத்து வைப்பது நல்லது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் அட்டையும், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கும் வருமானச் சான்றும் தேவை. சான்று கைக்கு வர நாள் பிடிக்கும், நோய் வந்த பிறகு ஓடினால் மூச்சு வாங்கும். சந்தேகத்துக்கு 1800 425 3993.

8. பல் வேலை முடிந்ததும் சுகர் டாக்டரிடம் திரும்பிப் போங்கள்

பெரும்பாலானவர்கள் விடுவது இந்தப் படியைத்தான். பல் பிரிவில் என்ன செய்தார்கள், என்ன மருந்து எழுதினார்கள் என்ற சீட்டை எடுத்துக்கொண்டு பத்து நாளுக்குள் உங்கள் நிலையத்துக்குப் போங்கள். அங்கே சுகர் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் "பல்" என்று தலைப்புப் போட்டு, தேதி, எந்தப் பல், ஊசி ஒத்துக்கொண்டதா, ரத்தம் எவ்வளவு நேரத்தில் நின்றது என்று நான்கு வரி எழுதி வைத்தோம். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மற்ற நோட்டுகளிலும் அப்படியே கோடு போடப் போவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அடுத்த முறை வரும்போது வாயைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பார்.

ஈறு சுத்தம் செய்ய வேண்டும் என்று பல் டாக்டர் சொல்லியிருந்தால் அதைத் தள்ளிப் போடாதீர்கள். அது முடிந்து மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி மறுபடி பாருங்கள். அதற்கு முன் பார்த்தால் பழைய மாதங்களின் கணக்கும் கலந்திருக்கும்.

பல் செட் வேண்டுமென்றால் அவசரப்படக் கூடாது. எடுத்த இடத்தில் எலும்பும் ஈறும் அடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குமுன் செய்த செட் சீக்கிரமே தளரும். பிறகு அளவு எடுப்பது, கடி பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கொடுப்பது, உறுத்தும் இடத்தைத் தேய்ப்பது என்று நான்கைந்து நடை உண்டு. இந்த நடைகளை அம்மா மாத்திரை வாங்கப் போகும் வாரத்திலேயே வைத்துக்கொண்டோம், ஒரே லீவில் இரண்டு வேலை. நேற்று மெழுகில் வைத்துப் பார்த்தார்கள். கண்ணாடியைக் காட்டியதும் அம்மா டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, இதை வைத்து முறுக்கு கடிக்கலாமா என்பது. ஊறவைத்துச் சாப்பிடுங்கம்மா என்றார்.